பிஷப்பைக் காக்கவைத்த லூர்து

போன ஞாயிறு ஒரு கோயில் நிறைய ஜனம், ஒரு பிஷப், ஒரு பங்குச்சாமியார், கூடவே நான் — இத்தனை பேரும் ஒரு பதின்மூன்று வயசுப் பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் திறந்திருந்தது. வார்த்தைதான் வரவில்லை!

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வாரம் முழுக்கப் பொன்னேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை இணைத்துவைக்கிறவள். மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தில் உங்களோடு வளவளக்கிறவள். எதிராளி ஒரு நொடி யோசித்தால் போதும், அவர் சொல்ல வந்ததை நானே முடித்துவிடுவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்த சில வாக்கியங்கள் இன்னும் அவர் வாயால் முடிக்கப்படாமலே கிடக்கின்றன. பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பம் ஒன்றில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பங்குச்சாமியார்தான் பிடித்துப் போட்டார். "பத்திரிகையில எழுதறீங்க, பேச்சும் நல்லா வருது. பெரிய பிள்ளைங்களை நீங்க பாத்துக்குங்க" என்றார். எழுதுகிறவளுக்கு வேறு வேலை இருக்கும் என்று இந்த உலகத்தில் யார்தான் நம்புகிறார்கள்?

எல்லாம் பன்னிரண்டிலிருந்து பதினாலு வயசுக்குள். உறுதிபூசுதலுக்குத் தயாராகிற பிள்ளைகள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — எங்களுக்கு ஞானஸ்நானம் கைக்குழந்தையிலேயே ஆகிவிடும். விவரம் தெரிந்த வயசில் பிஷப் நேரில் வந்து, நெற்றியில் தைலம் பூசி, விசுவாசத்தில் உறுதிப்படுத்துவார். அதற்கு முன்னால் கோயில் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார். அவர் எங்கள் ஏரிக்கரைக்கு வருவதோ எப்போதோ ஒரு தடவை. பிஷப்பை நாங்கள் 'ஆண்டவரே' என்றுதான் கூப்பிடுவோம்.

"பதில் சொல்லலைன்னா இந்தத் தடவை ஒருத்தருக்கும் கிடையாது" என்று சாமியார் முன்கூட்டியே மிரட்டி வைத்துவிட்டார்.

பிள்ளைகளோ... பாதிப் பேர் விடிய விடிய அப்பாவோடு படகில் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள். கேள்வி பதில் புத்தகம் என்னவோ சின்னதுதான். ஒருத்தருக்கும் முழுசாக ஏறவில்லை. கத்தினேன். கெஞ்சினேன். சாக்பீஸை விட்டெறிந்தேன். ம்ஹூம்!

ஒரு ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் நின்றால், கோயில் வராந்தாவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன நடக்குது இங்க?"

"பாடு போடறோம் டீச்சர்" என்றாள் மரியசெல்வி. ஊர்த் தலைவரின் மகள். அப்பாவின் அதிகாரத்தில் பாதி இவளுக்கு இப்போதே வந்துவிட்டது.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வலையை இறக்கக் கூடாது. இறால் துள்ளிக்கொண்டு போனாலும் சரி, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கேள்விங்களுக்குப் பாடு போட்டு ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சிக்கினோம் டீச்சர். அவனவனுக்கு விழுந்ததை அவனவன் நல்லாப் படிச்சிடுவான். பிஷப் இன்னா கேட்டாலும் அந்தக் கேள்விக்கு உண்டான ஆளு எழுந்து சொல்லிடும்."

ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது. "கேள்வியில கூடவா இல்ல?" என்று சண்டை போட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் சீட்டு வாங்கியிருந்தாள் அவள்.

நியாயமாக நான் திட்டியிருக்க வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாமா? ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தர்கூடத் தூங்கவில்லை! விட்டுவிட்டேன்.

லூர்துவின் பெயரை எழுதும்போதுதான் தகராறு வந்தது.

லூர்துவின் அப்பா இன்னொருவர் முறையில் வலை விட்டுப் பிடிபட்டவர். ஒரு வருஷத்துக்குப் பாடு கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் மரியசெல்வியின் அப்பா. தப்பு தப்புதான், அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து மனிதர் ஊர்க் கூட்டத்துக்கும் வருவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. லூர்துவின் அம்மா சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வூட்டுக்குத்தான் பாடே இல்லியே, இவனுக்கு எப்பிடி சீட்டு?" என்றான் ஒருவன்.

லூர்து தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மரியசெல்வி எகிறினாள்.

"வலை வுட்டது இவனாடா? இவங்க நைனா! மூடிக்கினு பேரை எழுது."

லூர்துவுக்கு விழுந்த கேள்வி — பரிசுத்த ஆவியின் வரங்கள் எத்தனை, அவை யாவை? ஏழு வரங்கள். ஒரு மாசம் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தான். "தூக்கத்துலகூட அதத்தான் சொல்லிக்கினு கெடக்கறான் டீச்சர்" என்றாள் அவன் அம்மா, பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்து. "எங்க வூட்டுக்கு இந்த வருஷம் வந்த பாடு அது ஒண்ணுதான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பஸ் ஏறிய பிறகும் மனசு ஆறவில்லை.

பிஷப் வந்தார். தோரணம், பேண்டு வாத்தியம், புதுச் சட்டை, புதுப் பாவாடை, பிள்ளைகளுக்குத் துணை நிற்க மெட்ராஸிலிருந்து வந்த ஞானத்தாய்மார்கள்... கோயிலில் நிற்க இடமில்லை. அவர் கேட்கக் கேட்க, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பிள்ளை எழுந்து டக்டக்கென்று சொல்லிற்று. சாமியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன்.

"பரிசுத்த ஆவியின் வரங்கள் எத்தனை?"

லூர்து எழுந்தான். "ஏழு ஆண்டவரே. ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி..."

அப்போது பார்த்து அவன் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே அவன் அப்பா. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அத்தனை மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கோயில் படி ஏறியிருக்கிறார். போயிற்று! பையனுக்கு ஏழாவது மறந்தே போயிற்று.

தெய்வபயம். அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை! மாசம் பூரா அவன் முணுமுணுத்ததில் வகுப்பு மொத்தத்துக்கும் அது மனப்பாடம். எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது. உதட்டைப் பிரித்துவிட்டேன்.

முன் பெஞ்சிலிருந்து மரியசெல்வி திரும்பினாள். "டீச்சர், கம்முனு இருங்க!"

இருந்தேன். வேறென்ன செய்ய?

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றார் பிஷப். ஒரு கைகூட எழும்பவில்லை. சாமியாரின் முகம் சிவக்க ஆரம்பித்தது. பிஷப் மரியசெல்வியைக் காட்டினார். "நீ சொல்லும்மா. தெரியாதா?"

"தெரியும் ஆண்டவரே."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன் ஆண்டவரே. அது லூர்து பாடு. அவன்தான் சொல்லி முடிக்கணும்."

கோயில் முழுக்கக் கசமுசா. சாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்... அதைப் பற்றி எழுத வேண்டாம். பிஷப் தெற்கத்திக்காரர். ஏரி வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"பாடுன்னா?"

"அவன் மொறையில நாங்க வலை எறக்கக் கூடாது ஆண்டவரே."

"அவனால முடியலைன்னா?"

"அவனா வாயைத் தொறந்து 'நீ போ'ன்னு சொன்னா போலாம். அது வரிக்கும் நாங்க கரையிலதான் நிப்போம்."

பிஷப் லூர்துவைப் பார்த்தார். "என்னப்பா, விட்டுக்கொடுக்கிறியா?"

கன்னத்தில் தண்ணீர் வழிகிறது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினான் பையன்!

சாமியார் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். பிஷப் கையைக் காட்டி நிறுத்தினார். பேசாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, நாங்களும் கரையில இருக்கோம். நீ யோசிச்சுச் சொல்லு."

எங்கேயோ ஒரு குழந்தை இருமிற்று. முதல் வரிசையில் ஊர்த் தலைவர் திரும்பிப் பார்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாசலில் லூர்துவின் அப்பாவுக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைக்கு வார்த்தை வராவிட்டால் யாருக்கும் தைலம் கிடையாது. அதைவிட, இவன் அந்த அப்பா முன்னால் தோற்றுப்போவான். மாதாவே, இவனைக் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். அந்த நிமிஷம் ஏழாவது வரம் என்னிடம் எக்கச்சக்கமாக இருந்தது.

"தெய்வபயம்!"

படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினான். எங்கள் கோயிலில் கைதட்டும் வழக்கம் கிடையாது. அன்றைக்குத் தட்டினார்கள். பிஷப்பும் தட்டினார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நெற்றியில் தைலம் பூசினார்.

"பிள்ளைங்களுக்கு இதை யார் கத்துக்கொடுத்தது?" என்று பூசை முடிந்து கேட்டார். என்னை அப்படியே விழுங்கத் தயாராக இருந்த சாமியார், "நம்ம பங்குல இதெல்லாம் பழக்கம்தான் ஆண்டவரே" என்றார். எப்படி இருக்கிறது கதை!

யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விடை தெரிந்துவிட்டால் நமக்கெல்லாம் கை பரபரக்கிறது. திக்குகிறவனுக்கு எடுத்துக் கொடுக்கிறோம், தயங்குகிறவளுக்குப் பதிலாகப் பேசுகிறோம், அதற்கு உதவி என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். அவன் கையில் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டோம் என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா?

வெளியே டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லூர்துவின் அப்பா ஒதுங்கி, கிளம்புகிற மாதிரி நின்றார். ஊர்த் தலைவர் டீ டம்ளரை வைத்துவிட்டு நேராக அவரிடம் போனார். பக்கத்தில் நின்ற எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

"வருசம் முடியல. அது வரிக்கும் சீட்டு கெடையாது. அதுல மாத்தம் இல்ல" என்றார் தலைவர். பிறகு குரலை இறக்கினார். "ஆனா கூட்டத்துக்கு வந்து ஒக்காரு. நீ இல்லாம ஒக்காந்துக்கினு இருக்கறது எனக்கு நல்லா இல்ல."

லூர்துவின் அப்பா மண்ணைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். டீ ஆறிப்போகிற அளவுக்கு நேரமாயிற்று. தலைவர் அசையாமல் நின்றார்.

"வர்றேண்ணா" என்றார் கடைசியில்.

இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா என்று யாரும் கேட்கவில்லை... நான்கூட!