கூடத்தில் மாட்டிய புறா

திருநாவலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடும் தங்கதுரை, கொல்லைக்கு வரும் மைனா, தவிட்டுக்குருவி எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடிப்பவர். புறா மட்டும் கிட்டே வரவில்லை. விதைத்தது போக மிச்சமிருந்த, பூச்சிமருந்து கலந்த சிவப்பு விதையை மூன்று தண்ணீரில் அலசி இறைத்தார். புறாக்கள் வந்தன. அலகில் சிவப்பு மணியோடு ஒரு படம் அருமையாக விழுந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் இரண்டு புறாக்கள் செத்துக் கிடந்தன. யாரும் பார்ப்பதற்குள் புதைத்தார். அலசினால் மருந்து போகாது என்று பத்து வருடமாக விதைக்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். படம் வேண்டியிருந்தது.

மனைவி கண்ணகி அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம், “இவ்ளோ கிட்ட எப்டி வந்துச்சு?” என்று கேட்கிறார்கள்.

தங்கதுரை தலையைக் குனிந்துகொள்கிறார். கண்ணகிதான் பெருமையாகச் சொல்கிறாள்: “அதுங்களுக்கு இவருன்னா பயமே கெடையாதுங்க.”