பனியில் எலுமிச்சம்பழம்

கள்ளக்குறிச்சி டயர் கடையில் என் மொபெட்டுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, நெற்றி நிறையத் திருநீறு. அங்கிருந்த ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் கட்டைவிரலை விட்டு அழுத்திக்கொண்டிருந்தார். பனி கொட்டும் தேசத்தில் அவர் மகன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறானாம்.

“இன்ஜின் நாலு சக்கரத்தையும் சேத்து இழுக்குது, பனிக்குன்னு தனி டயர் எதுக்குன்றான்,” என்றார்.

“இழுக்கும்ங்க. பிரேக் புடிச்சா நிக்கணுமே!” என்றார் கடைக்காரர்.

பெரியவர் உடனே மகனுக்குப் போன் போட்டார். “டேய், பனி டயரே போட்டுடுடா. உங்கம்மா தூங்காம கெடக்குறா.”

மகன் ஒத்துக்கொண்டான். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, புது டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கணுமே. அந்தக் குளிர்ல பழம் கல்லாயிடுமே, இன்னா பண்றது?”

வீட்டுக்கு வந்ததும், “முருகா, அந்தப் பிள்ளைக்காக” என்று சொல்லி, என் மொபெட்டை ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். அவன் காருக்கு நாலு சக்கரம், என் வண்டிக்கு இரண்டுதானே என்று, இரண்டு தடவை. அது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.