கறுப்பு மையில் வந்த மார்க்கு

சேலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து நான் முதன்முதலில் வேலைக்குப் போன ஊர், கம்பைநல்லூரிலிருந்து வண்டிப்பாதையில் போகவேண்டிய ஒரு சிற்றூர். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். நாலாவதையும் ஐந்தாவதையும் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார். கீழ் வகுப்புகள் மூன்றும் எனக்கு.

பயிற்சியில் கற்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது முன்னேற்ற அட்டை. பிள்ளைக்கு ஓர் அட்டை. வாசிப்பு, எழுத்து, மனக்கணக்கு, எழுத்துக்கணக்கு, வருகை என்று ஐந்து வரிகள். மாதத்துக்கு ஒரு கட்டம். தேறிய மார்க்கைக் கறுப்பில் எழுதவேண்டும், தேறாததைச் சிவப்பில். வீட்டார் பார்த்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். அது உலகச் சண்டைக் காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய நோட்டுகளின் அட்டையை வெட்டிக் கோடு போட்டுக்கொண்டேன்.

"இந்த ஊர்ல இதை யாரும்மா படிக்கப்போறாங்க? கணக்குப்பிள்ளை வேலையை நீங்க எதுக்கு இழுத்துப் போட்டுக்கறீங்க?" என்றார் தலைமையாசிரியர். கேட்டுவிட்டுத் தம் மேசையிலிருந்த, தண்ணீரில் கரைக்கும் சிவப்பு மை வில்லையையும் எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நான் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விடை வந்துவிடும்; மற்றவர்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள். அவள் அட்டையை எழுதும்போதுதான் எனக்கு முழுத் திருப்தி. ஐந்து வரியிலும் சிவப்பு என்பதே இல்லை.

திங்கட்கிழமை அட்டைகள் வீடுகளுக்குப் போயின. கைநாட்டோடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவளுடையது வரவில்லை. அவளும் வரவில்லை. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுச் சிறுமி சொன்னாள்: "டீச்சர், அவ இனிமே வரமாட்டா. நாளைக்கு மாரண்டஹள்ளிக்குப் போறா. அவங்க அத்தைக்குக் கொழந்த பொறந்திருக்குது இல்ல, அதைப் பார்த்துக்கறதுக்கு."

பிள்ளைகள் நின்றுபோகும் காரணங்களை நான் வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன்: அறுவடை, காய்ச்சல், கல்யாணம், பிரம்படி வாங்கிய கோபம். எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

தாய் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். வாசல் ஓரத்தில் ஒரு துணி மூட்டை தயாராக இருந்தது.

"பொண்ணு இவ்வளவு நல்லாப் படிக்குதே, ஏன் நிறுத்துறீங்க?" என்றேன்.

"நல்லாப் படிக்குதுங்களா?" முறம் நின்றது. "அப்ப எதுக்குங்க டீச்சரம்மா இப்படி ஒரு காயிதத்தைக் குடுத்தனுப்புனீங்க?"

அட்டையை அவர்கள் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்தார்கள்.

"செக்கு வூட்டுப் பையன் அட்டையில நாலு எடத்துல செவப்பு. அவங்க ஆத்தா கோயில்ல தேங்கா ஒடச்சு, தெருவுக்கே பொரி குடுத்தா. எம் புள்ளைக்கு ஒரு பொட்டு செவப்பு வெக்க உங்களுக்குக் கை வரலீங்களா? முச்சூடும் கறுப்பு, எழவு ஓலையாட்டம்!"

சாவுச் செய்தி கொண்டுவரும் ஓலையின் முனையில் கரி தடவுவதும், நல்ல செய்திக்கு மஞ்சள் தடவுவதும் எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சிவப்பு எங்களுக்கும் குங்குமம்தான். இரண்டு மைப் புட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியபோது இதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சிவப்பு என்றால் இன்னும் தேறவில்லை என்று பொருள் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்தப் பையன் நாலுலயும் பெயிலுங்களா?"

"ஆமாங்க."

"அய்யோ, அந்தப் பொரியை நானும் வாங்கித் தின்னேனே!" முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அவன் ஆத்தாகிட்டச் சொல்லிப்புடாதீங்க. அந்த அட்டையைத் திருப்பி அனுப்பறதுக்கு முந்தி சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக் கும்பிட்டா, பாவம்" என்றாள்.

தகப்பனார் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றது உங்க பள்ளிக்கூடத்துக்குச் சரிங்க. எம் பொண்ணு பேரைப் போட்டு, ஒரு மங்கலமும் இல்லாத காயிதம் இது. இதுல நான் கைநாட்டு வெக்கமாட்டேன்."

"நிலப் பத்திரம்கூடக் கறுப்பு மையிலதானே எழுதறாங்க?"

"அதுல மேல பிள்ளையார் சுழி இருக்குமுங்களே."

மார்க்கைச் சிவப்பில் மாற்றி எழுதினால் பெண் தேறாதவள் ஆகிவிடுவாள். தாயிடம் மஞ்சள் கேட்டேன். அவள் கல்லில் உரசிக் கொடுத்தாள். கொட்டகைக் கூரையிலிருந்து எடுத்த அட்டையின் நான்கு முனைகளிலும் தடவி, பிள்ளையார் சுழியும் போட்டு நீட்டினேன்.

அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இப்ப முகூர்த்தப் பத்திரிகையாட்டம் இருக்குது."

"எப்பக் கல்யாணம்னு டீச்சரம்மாவைக் கேட்டுறாதீங்க" என்றாள் மனைவி.

நான் மைப்பெட்டி கொண்டுபோகவில்லை. மஞ்சளிலேயே பெருவிரலைத் தோய்த்து வைத்தார். பிறகு வாசலிலிருந்த மூட்டையைப் பார்த்தார். "தங்கச்சிக்குச் சொல்லி உட்டாச்சுங்களே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை அவள் இடம் காலியாகவே இருந்தது. தகப்பனார் விடியற்காலையிலேயே பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது விதி ஒன்று எழுதினேன். அடுத்த மாதத்திலிருந்து, அந்தந்தப் பிள்ளை போன மாதம் வாங்கியதைவிடக் கூடிய மார்க்குக்குச் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். செக்கு வீட்டுப் பையனைப் பள்ளி விட்டபின் தினமும் சிறிது நேரம் நிறுத்தி, நிலக்கடலையை எண்ணவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்றும் முடிவுசெய்தேன். அவன் தாய் உடைத்த தேங்காய்க்கு அடுத்த மாதக் கட்டத்தில் உண்மையான சிவப்பு விழவேண்டும்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் விதியைப் படித்தார். "இன்ஸ்பெக்டர் வந்தா பள்ளிக்கூடமே பெயில்னு நெனச்சுக்குவாரேம்மா?"

"அட்டைக்கு அடியில விளக்கம் எழுதிடறேன் சார்."

"எழுதுங்க. பெரிசா எழுதுங்க. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

முதல் மணி அடித்துச் சற்று நேரம் கழித்து வாசலில் நிழல் தெரிந்தது. அந்தப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"அத்தை எங்க வூட்டுக்கே வந்துட்டாங்க டீச்சர். அப்பாதான் போய்க் கூட்டியாந்தாரு. இவனையும் தூக்கிக்கிட்டுப் போய்ப் படின்னு சொன்னாரு."

"உட்காரு" என்றேன்.

குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பலகையை எடுத்தாள். நான் கணக்கைச் சொன்னேன். அவன் பலகைக்குச்சியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். அவள் ஒரு கையால் அதை வாயிலிருந்து எடுத்து, பாவாடையில் துடைத்துவிட்டு விடையை எழுதினாள்.