கழுவி வைத்த கிண்ணம்

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் முதலில் கற்றுக்கொண்டது, விடிவதற்குள் குழாயடிக்குப் போய்விட வேண்டும் என்பதுதான். பெரிய டாக்டர் ஏழு மணிக்கு வருவார். பின்னாலேயே கடைசி வருஷம் படிக்கும் நான்கு மாணவர்கள். அவர்கள் வருமுன் என் கணவரின் கபக் கிண்ணத்தை (சளி துப்பக் கொடுப்பது) சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்த்து வைத்துவிடுவேன். படித்தவர்கள் வருகிற இடத்தில் எச்சிலை வைப்பது மரியாதையா? நாமக்கல் பக்கத்தில் எங்களை வளர்த்த விதம் அப்படி.

இரண்டு மாதமாக இருமல், சாயங்காலக் காய்ச்சல் என்று சேர்த்திருந்தோம். மாணவர்கள் முறை வைத்து அவர் நெஞ்சைத் தட்டினார்கள்.

"தேங்காயாட்டம் தட்டிப் பாக்கறாங்க, புள்ள" என்று சிரித்தார் அவர்.

ஒரு மாணவர் கழுவிய கிண்ணத்தை எட்டிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்ல, டாக்டர் தலையசைத்தார். தூணோரம் நின்ற என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் துப்பியதில் தினமும் சிவப்பு நூல் போல ரத்தம் இருந்தது. இருமி இருமித் தொண்டை புண்ணாகிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

பத்தாம் நாள், வெறும் மார்ச்சளி, வேலைக்குப் போகலாம் என்று அனுப்பினார்கள். ஊர் வந்து மூன்று மாதம் கவலை ஓட்டினார் (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது). ஒரு காலை கிணற்றடியிலேயே வாய் கொள்ளாமல் ரத்தம் கக்கினார்.

மறுபடி அதே வார்டு, அதே டாக்டர். "முன்னாடி ரத்தம் வந்ததா?" இந்த முறை என்னைக் கேட்டார்.

"வந்துச்சுங்க. இங்க இருந்தப்பவே தெனமும் வந்துச்சுங்க. நீங்க வாரதுக்குள்ள நாந்தானுங்க கழுவி வெப்பேன்."

அவர் திட்டவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பி வெகுநேரம் பாடம் நடத்தினார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மாணவர் தனியே வந்தார். "காசநோய் அம்மா, நுரையீரலை அரிக்கும் நோய். இதற்கு இன்னும் மருந்து வரவில்லை, ஓய்வுதான் வைத்தியம். அப்போதே தெரிந்திருந்தால் அசையாமல் படுக்க வைத்திருப்போம். கிண்ணத்தைக் கழுவுவது யார் என்று இனி முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறார் பெரிய டாக்டர்."

"மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே, சாமி."



பதினெட்டாம் நாள் என் கணவர் போய்விட்டார். ஓய்வு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த மாணவர் எங்கோ நல்ல டாக்டராக இருப்பார். அவர் படிப்புக்கு என் புருஷன் உயிர் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் ஆறுதல் இல்லை, ஆத்திரம்தான். என் மீதும்தான்.

நோயாளிக்குத் துணை இருப்பவர்களே, யாரும் கேட்காவிட்டாலும் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது எனக்கும் இருமல் இருக்கிறது. விடியலில் துப்பிவிட்டு வெளிச்சத்துக்காகக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். நாளிலேயே நீளமான நேரம் அதுதான். நிறம் தெரிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.