ஈரச் சரிவில் ஒரு சின்ன டிராக்டர்

சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அப்பா தோட்ட வேலை பார்த்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, கட்டடத்துக்கு முன்னால் மண்ணைக் கொட்டிச் செங்குத்தாக ஒரு சரிவு எழுப்பிப் புல் வளர்த்திருந்தார்கள். அதை வெட்ட ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. உட்கார்ந்து ஓட்டுவது; அடியில் கத்தி சுழலும். அதை ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ‘எங்கப்பா டிராக்டர் ஓட்டுறார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய டிராக்டர் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கம்பெனியில் குடும்ப விழா நடந்தது. அப்பாவோடு நானும், அம்மாவின் தம்பியான மாமாவும் காலையிலேயே போய்விட்டோம். மாமா ராயக்கோட்டையில் தக்காளி வேன் ஓட்டுகிறவர். முந்தின நாள் நல்ல மழை. பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருவதற்குள் சரிவை வெட்டிவிடச் சொன்னார் மேனேஜர்.

“புல்லு ஈரமா இருக்குதுங்க சார். வண்டி வழுக்கிடும். வெயில் ஏறட்டும்” என்றார் அப்பா.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, அரிவாளோடு சரிவில் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினார். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்தபடி வந்தார்கள்.

“டிராக்டர் ஓட்டுறார்னு சொன்ன?” என்றாள் ஒருத்தி.

மாமா சிரித்தார். “உங்கப்பாவுக்குப் பயம் பாப்பா. சாவி எங்க? கொண்டா.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா எப்போதும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நேராகத்தான் ஓட்டுவார். சமதளத்துக்கு வந்துதான் திருப்புவார். மாமா குறுக்கே விட்டார். பாதி தூரம் நன்றாகப் போனது. நான் கை தட்டினேன். அப்புறம் மேல்பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

“மச்சான், குதி! மேல்பக்கமா குதி!” என்று கத்திக்கொண்டே அப்பா ஓடினார்.

மாமா குதித்தார். வண்டி இரண்டு முறை புரண்டு, கீழே மழைநீர்க் கால்வாயில் குப்புற விழுந்தது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அப்பா திரும்பி என் மடியிலிருந்த சட்டையை ஒரு தரம் பார்த்தார். அதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார்.

“யாருய்யா ஓட்டுனது?”

“நான்தாங்க சார்” என்றார் அப்பா.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பார்த்தவர்களும் மறுத்துப் பேசவில்லை.

அப்பாவை லோடு இறக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி மூடும்வரை அங்கேதான் இருந்தார். மாமாவுக்காகப் பொய் சொல்லி நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்று அம்மா பல நாள் முணுமுணுத்தாள். எனக்கும் அப்பா மேல்தான் கோபம். நான் பொய் சொன்னால் அடிக்கிறவர், அத்தனை பேர் முன்னால் பொய் சொல்கிறாரே என்று அன்று பஸ்ஸில் அவரோடு பேசாமல் வந்தேன்.

மாமா பெயரைச் சொல்லியிருந்தால், சாவியைக் கொடுத்தது யார் என்றுதான் மேனேஜர் அடுத்துக் கேட்டிருப்பார். அந்த வயதில் அது எனக்கு எட்டவில்லை.