காலிக் குப்பி

எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக வருத்தமெல்லாம் இல்லை. ஊசி மருந்தை உறிஞ்சி எடுத்தபின் காலிக் குப்பியைக் கீழே போட்டுவிட முடியாது. கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். கழுகு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மருந்தின் பெயரைப் படித்து, நம் முகத்தையும் ஒருமுறை படித்த பிறகுதான் ஊசி போடலாம். தலை நரைத்த நர்சுக்கும் இதே கதிதான்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி வீட்டு மாடியில் குடியிருந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ மருந்தை மாற்றிப் போட, பழி இவர் தலையில் விழுந்ததாம். அதற்குப் பிறகு யாரையும் நம்புவதில்லை. சரி, அதற்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

புது மேனேஜர் வந்ததும் எங்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினார். "வேலையில எது சந்தோஷம், எது கஷ்டம்னு மனசு விட்டுச் சொல்லுங்க" என்பார். கழுகுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மேனேஜர் அறை வாசலிலேயே நின்று, மடித்த போர்வைகளையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த நர்சை மடக்கினார்.

"உள்ள என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"போட்டுக் குடுத்துட்டு ஒண்ணும் இல்லையா? என்னைய ஸ்டோர் ரூமுக்குத் தள்ளத்தானே எல்லாரும் சேந்து வேல பாக்குறீங்க?"

அது உண்மைதான். உள்ளே போய் வந்த எல்லோரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

"நோயாளியே இல்லாத ரூம்ல நான் என்னடி பண்ணுவேன்?" என்றார், அடுத்துப் போகக் காத்திருந்த என்னிடம். குரல் உடைந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

என் முறை வந்தது. அன்று காலையும் என் குப்பியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்திருந்தார். நன்றாகக் கிழித்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"அவங்ககூட வேல பாக்கவே பிடிக்கல சார். ஆனா எங்கம்மாவ இங்க சேக்கணும்னா அவங்க ஷிஃப்ட்டுலதான் சேப்பேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்தார்.

மறுநாள் எல்லோரையும் கூட்டி, சிஸ்டர் இதே வார்டில்தான் இருப்பார் என்றார். பலருக்கு முகம் விழுந்துவிட்டது. "குப்பிய காட்டுற வழக்கமும் அப்படியே இருக்கட்டும். ஆனா இனிமே சிஸ்டரும் தன் குப்பிய உங்கள்ல ஒருத்தர்கிட்ட காட்டிட்டுத்தான் ஊசி போடணும்."

கழுகு விருட்டென்று எழுந்தார்.

"என்னையவே சந்தேகப்படுறீங்களா? இத்தன வருஷத்துல ஒரு மருந்த மாத்திப் போட்டிருக்கேனா? நான் என்ன திருடியா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முகத்தில் நின்றார். இப்போது நாறடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா சிஸ்டர்" என்றேன்.