பாட்டுக்காரருக்கு விட்ட இடம்

ஜோன் டீச்சருக்குப் பியானோ வரும் என்பது மயிலாப்பூரில் அந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாசிப்பதை யாரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கல்யாணப் பூசை, முதல் நன்மை, கிறிஸ்துமஸ், எதற்கு வாசித்தாலும் முன்னால் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அண்ணன் லூயிஸ். அவர் மூச்சு வாங்கினால் ஜோன் பொறுப்பார். அவர் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் இவரும் கூடவே குதிப்பார். பூசை முடிந்ததும் எல்லோரும் லூயிஸின் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

டியூஷன் பிள்ளைகள் போன பிறகு, வீட்டில் தனியாக வாசிப்பது ஜாஸ் இசை. சொந்தமாகவே மெட்டுகள் கட்டி வைத்திருந்தார். ஐம்பது தாண்டியபின் அவற்றை ஓர் ஆல்பமாக்க ஆசை வந்தது. பியானோ மட்டும், வேறு யாரும் கிடையாது. பழைய மாணவி ஷண்முகப்ரியா ஆழ்வார்பேட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறாள். "வாங்க மிஸ், பண்ணிடலாம்" என்றாள்.

"நானும் வரேன்" என்றார் லூயிஸ். "தனியா வாசிச்சா கேக்கறவன் தூங்கிடுவான்மா."

முதல் மெட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஷண்முகப்ரியா தயங்கினாள். "அழகா இருக்கு மிஸ். ஆனா யாரோ பாட வருவாங்கன்னு வெயிட் பண்ற மாதிரியே இருக்கு."

போட்டுக் கேட்டார்கள். உண்மைதான். வரிக்கு வரி, விருந்தாளிக்குப் போட்டு வைத்த நாற்காலி போல ஒரு காலி இடம். இடது கை மெல்ல நடந்துகொண்டிருக்க, வலது கை ஓரமாக ஒதுங்கி நின்றது. ஜோனுக்குக் காது சுட்டது. தன் பெயரில் வரப்போகிற ஆல்பத்தில் தானே இல்லை.

மறுபடி வாசித்தார். மறுபடியும் அதே இடம் திறந்தது. பியானோவுக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்திருந்த லூயிஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "லல்ல லா..." என்று கணீரென ஆரம்பித்துவிட்டார்.

ஷண்முகப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே இது?" என்றார் ஜோன்.

"நீ இடம் விட்ட, நான் பாடினேன். எப்பவும் அப்படித்தானே?"

ஜோன் சிரித்துவிட்டார். அண்ணன்மேல் தப்பில்லை. வாவென்று கூப்பிட்டது தன் கைதான்.

"வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாண்ணே."

"துரத்தறியா?"

"ஆமா."

அப்படிச் சொல்லத் தனக்கு வரும் என்று ஜோனுக்கே தெரியாது. லூயிஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடியது. மறுபடி வாசித்தபோது அந்த இடம் வந்தது. ஒதுங்கப்போன கையை ஜோன் விடவில்லை. முதலில் தப்பாக ஒரு சுரம் விழுந்தது. அதையே திரும்பத் திரும்பத் தட்டினார், அது அங்கேயே பிறந்ததுபோல ஆகும்வரை. அப்புறம் வலது கை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த பிள்ளைபோல, இறங்க மறுத்தது.

"அந்தத் தப்பு சுரத்தை எடுத்துடவா மிஸ்?"

"இருக்கட்டும்மா. அதுதான் வழி காட்டிச்சு."

ஆல்பம் இணையத்தில் வெளியான அன்று லூயிஸ் குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதினார்: "தங்கச்சி வாசிச்சது. நான் பாடவே இல்ல. அப்படியும் நல்லாருக்கு."

அடுத்த ஞாயிறு பூசையில், காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன்னால், ஜோனின் விரல்கள் கீபோர்டில் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ கிளம்பிவிட்டன. எங்கே சேர்வதென்று தெரியாமல் பாடகர் குழு வாயைத் திறந்தபடி நின்றது. லூயிஸ் திரும்பி முறைத்தார். ஜோன் கண்ணாலேயே 'இரு' என்றார்; வாசித்து முடித்த பிறகுதான் அவர்களை உள்ளே விட்டார்.